யாருடைய குறுந்தொகை?



குறுந்தொகைச் செவிலி கூற்றுகள் பற்றிய உமது முதுதத்துவமாணி ஆய்வேட்டை வாசித்தேன். மகளின் இல்லறம் கண்டு மகிழும் செவிலியின் பேச்சில் பிரிவின் நோவும் கலந்திருப்பதை நீர் எடுத்துக்காட்டும் பக்கங்கள் அபாரம். அப்படியொரு வாசிப்பை நான் எந்த உரையிலும் கண்டதில்லை. ஆனால் அடிக்குறிப்புகளில் ‘குறுந்தொகை’ என்று மட்டும் போட்டிருக்கிறீர். யாருடைய குறுந்தொகை? 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்ததா, 1937இல் உ. வே. சாமிநாதையர் உரையோடு வெளியிட்டதா, 2010இல் ஈவா வில்டன் சுவடிகளை ஒப்பிட்டு மூன்று தொகுதிகளாகத் தந்ததா? உமது வாதம் முழுவதும், பாடலைச் சொல்பவர் யார் என்று காட்டும் கூற்றுக்குறிப்பின் மேல் நிற்கிறது. அக்குறிப்போ பாடிய புலவர் எழுதாதது, பின்வந்தோர் சேர்த்தது. பாடவேறுபாடு காட்டாத இணையப் பாடத்தை நம்பி, இது செவிலியின் குரல்தான் என்று எப்படி அறுதியிட்டீர்?

வன்னியில் ஆய்வு நூலகம் இல்லை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர். குறை உண்மைதான். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும் வியாபாரக் கற்கையும் தொழினுட்பமும் உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் உண்டு. சங்க இலக்கியம் ஆராய்கிறவர் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறத்தான் வேண்டும். ஆனாலும் பதிப்பின் பெயரை எழுதுவதற்கு எந்த நூலகமும் தேவையில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவருக்குப் பின்னால் ஆய்வு நூலகமா நின்றது? செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். அவை இருந்த கோலத்தைப் பதிப்புரையில் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையால்தான் அவர் பதிப்போடு இன்றும் நாம் வாதாட முடிகிறது.

நூலகம் எதற்கு, எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வருடித் தருவது பெருந்தொண்டு. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பதிப்புகள் ஏராளம். ஆனால் மூன்று பதிப்புகளை அருகருகே விரித்து வரிவரியாய் ஒப்பிடக் கைப்பேசித் திரை போதாது. பதிப்புகள் யாழ்ப்பாணத்தில் இருந்தால் போதாதா என்றும் கேட்பார்கள். 1981இல் யாழ். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஒரே ஊரில் எல்லாவற்றையும் குவிப்பதன் ஆபத்தை நாமறியாமல் வேறு யார் அறிவார்? 2009இல் போர் முடிந்த பிறகு வீடும் ஆஸ்பத்திரியுமே முதலில் என்பது நியாயமான வாதம். நான் கட்டடம் கேட்கவில்லை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு பொது நூலகத்தில் ஓர் அலுமாரி, அதில் எட்டுத்தொகை, பத்துப்பாட்டின் முக்கியப் பதிப்புகள் எல்லாம், பக்கத்தில் ஓர் அகலமான மேசை. அவ்வளவே.

ஆய்வேட்டைக் கையளிக்குமுன் 1937ஆம் ஆண்டுப் பதிப்பையும் வில்டனின் பதிப்பையும் வைத்து ஒவ்வொரு கூற்றையும் மறுபடி பாரும். ஏதாவதொன்று கைக்கு எட்டாவிட்டால், எட்டவில்லை என்பதையும் எதை நம்பினீர் என்பதையும் அடிக்குறிப்பில் எழுதும்.