பழைய சங்குக்கு ஒரு புது மூளை



2004 டிசம்பர் 26, சுனாமி நாள். புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு மீனவ கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து போனில் எச்சரிக்கை வந்தது. தகவல் மைய ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஜனங்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினார்கள். சேதி வந்தால் மட்டும் போதாது, ஊருக்குக் கேட்கணும். இதுதான் நமக்குப் பாடம்.

சில ஊர்களில் பழைய மின்சார சங்கு சும்மா கிடக்கும். பழசுன்னு தூக்கிப் போடாதீங்க! மைக்ரோ கண்ட்ரோலர் என்ற சின்ன சிப்பை அதோடு சேர்க்கலாம். ஒரு தடவை பட்டனை அழுத்தினால் போதும். சங்கு 30 விநாடி ஊதி, நின்று, மறுபடி ஊதும். யாரும் சுவிட்சுப் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எப்படிச் சேர்ப்பது?

1. சிப் வேலை செய்வது 5 வோல்ட்டில். சங்கு ஓடுவது 230 வோல்ட்டில். இரண்டும் நேராகத் தொடவே கூடாது. நடுவில் ரிலே போர்டு வேண்டும். ரிலே என்பது சிப் சொன்னபடி போட்டு அணைக்கும் சுவிட்சு. பெரிய சங்கு என்றால் ரிலேயோடு கான்டாக்டரும் தேவை.

2. பழைய கை சுவிட்சைக் கழற்றாதீர்கள். ரிலேயை அதற்கு இணையாகக் கொடுக்கணும். சிப் கெட்டாலும் கையால் போடலாம். ஆனால் கை சுவிட்சை அணைத்தாலும் ரிலே வழியாகக் கரண்ட் வரும். அதனால் மெயினை அணைத்த பிறகே பெட்டியைத் திறக்கணும்.

3. அழுத்தும் பட்டனுக்கு 5 வோல்ட் மட்டும். பட்டனை அழுத்தும்போது உள்ளே இருக்கும் தகடு கண்ணுக்குத் தெரியாமல் துள்ளும். நாம் ஒரு தடவை அழுத்தினாலும் சிப் நாலைந்து தடவை என்று எண்ணிவிடும். 20 முதல் 50 மில்லி விநாடி பொறுத்து, மறுபடி பார்க்கும்படி புரோகிராம் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

4. கரண்ட் போனாலும் ஊத வேண்டுமே! சிப்புக்கு பேட்டரி, சங்குக்கு ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டர் பார்த்து வையுங்கள்.

230 வோல்ட் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். நாம் தெரிந்துகொண்டால் சரியாகக் கேள்வி கேட்கலாம், ஏமாற மாட்டோம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம்ம ஊரில் சங்கு இருக்கா? பட்டன் யார் பொறுப்பு? மாதம் ஒருமுறை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஊதிப் பார்ப்போமா?