லாரிச் சபருக்கு முன் வீட்டுக் கணக்கு



குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கடல் கடந்து தொழிலுக்குப் போனவரைச் 'சபராளி' என்று அழைப்பது நம் சமூகத்தின் வழக்கம். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி, நமது துறைமுகத்தில் வந்திறங்கிய முன்னோர் பலர். 1901-ல் திறக்கப்பட்ட இத்துறைமுகத்திற்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972-ல்தான் அது போர்ட் கிள்ளான் ஆயிற்று. கப்பற் சபர் முடிந்துவிட்டது. ஆனால் சபர் முடியவில்லை. இன்று அது நெடுஞ்சாலையில் நடக்கிறது. துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றிக்கொண்டு ஒருவர் ஜொகூர் பாருவுக்கும், இன்னொருவர் தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாமுக்கும் புறப்படுகிறார். அவ்விரு முனைகளையும் இணைத்து 1994-ல் நிறைவெய்திய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர்.

நம் வியாபாரிகளில் சிலர் கடைச் சரக்குக்காக வாங்கிய லாரியைத் தூர வாடகைக்கும் விடலாமே என்று எண்ணுகின்றனர். பிள்ளைகள் சிலர் லாரி ஓட்டுவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகின்றனர். ஹலாலான தொழில், தடுப்பதற்கில்லை. எனினும் சக்கரம் சுழலுமுன் வீட்டில் முடித்திருக்க வேண்டிய காரியங்கள் உண்டு. அவற்றையே இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.

1. அமானத்தும் கடனும்

கி.பி. 622-ல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட இரவில் அவர்களுடைய உயிருக்கே ஆபத்து சூழ்ந்திருந்தது. அந்நிலையிலும், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானத்துப் பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்துவிட்டே சென்றார்கள். பிரயாணம் பிறர் ஹக்கை அழித்துவிடாது என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுமா?

ஆகவே முதல் வேலை, ஒரு சிட்டை எழுதுவது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், கைமாற்று எது, தவணை எது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட ஆயத்தே (அல்பகரா, 282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். 'எல்லாம் என் மனத்தில் இருக்கிறது' என்பார் சிலர். மனத்தில் உள்ள கணக்கு மனிதருடனேயே போய்விடும். கடன்காரர் மட்டும் வாசலில் நிற்பார்.

2. வீட்டுச் செலவு

மனைவி மக்களின் ஜீவனாம்சம் கணவர்மீது கடமை. அவர் ஊரில் இல்லை என்பதால் அக்கடமை நீங்காது. லாரித் தொழிலில் வாடகைப் பணம் உடனே கைக்கு வருவதில்லை. கம்பெனிகள் கடன் தவணை கேட்கும். இரண்டு மாதம் கழித்துப் பணம் வருவதும் உண்டு. ஆனால் டீசல், டயர், சுங்கச்சாவடிக் கட்டணம் யாவும் ரொக்கம். வீட்டு வாடகையும் அரிசிக் கடையும் காத்திருக்க மாட்டா.

ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்திற்கு 7,500 வெள்ளி. இத்தொகையை லாரியின் முன்பணத்தில் கலக்காமல், மனைவியின் பெயரிலுள்ள கணக்கில் போட்டுவிட்டே முதல் பயணம் புறப்பட வேண்டும். கணவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு, அவர் மௌத்தானால் முடங்கிவிடும். உரிய உத்தரவு பெறும்வரை வீட்டார் அதிலிருந்து ஒரு வெள்ளிகூட எடுக்க இயலாது.

3. லாரிக் கணக்கு

ஓட்டுநருக்கு ஜி.டி.எல். என்னும் சரக்கு வாகனத் தொழில் லைசென்ஸ் வேண்டும். 'சி' உரிமம் உள்ள லாரி சொந்தச் சரக்குக்கு மட்டுமே. பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' உரிமம் வேண்டும். கடை லாரிதானே என்று அலட்சியமாக வாடகைக்கு ஏற்றுவது சட்டவிரோதம்.

தவணைக்கு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1967-ம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம் தரும் பாதுகாப்பு, மொத்த எடை 2,540 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களுக்கென எழுதப்பட்டது. பெரிய லாரிக்கு ஒப்பந்தத் தாளில் உள்ள வாசகமே சட்டம். ஆகையால் விவரமறிந்தவரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள். வட்டியில்லா முறையில் கடன் வசதி கிடைக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள்.

விலை ஏற்றத்திற்கும் இடம் விட்டுக் கணக்கிடுங்கள். 2024 ஜூன் 10-ம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஒரே நாளில் உயர்ந்தது. மாதம் 1,500 லிட்டர் போடுகிறவருக்கு இது 1,800 வெள்ளி வித்தியாசம். சரக்கு வாகனங்களுக்கு மானிய அட்டை ஏற்பாடு இருந்தது உண்மையே. அட்டை இல்லாதவர் முழு விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

4. விபத்தும் வஸிய்யத்தும்

சம்பளத்திற்கு ஓட்டுபவர், முதலாளி பெர்க்கேசோவில் தம் பெயரைப் பதிந்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த லாரி ஓட்டுபவருக்கு 2017-ம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தாமே பதிந்துகொள்ள வழியுண்டு.

வஸிய்யத்துக்குரிய பொருள் உள்ளவர் அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. வாரிசல்லாதாருக்கு மூன்றில் ஒரு பாகம் வரையே வஸிய்யத் செய்யலாம். அதற்கும் முன்பாகக் கடன் தீர்க்கப்பட வேண்டும். தொழிலாளர் சேமநிதியில் (இ.பி.எப்.) முஸ்லிம் ஒருவர் நியமிக்கும் நபர் பணத்திற்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார், வாரிசுகளுக்குப் பராயிள் முறைப்படி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே ஆவார். இதை அறியாததால் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையற்றுப் போவதுண்டு. இப்போதே வீட்டாருக்கு விளக்கிவிடுங்கள்.

5. இல்லற ஏற்பாடு

பிரயாணம் உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் வேதனை என்றும், காரியம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்புக என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். விரைந்து திரும்புவது என்றால் உறக்கமின்றி ஓட்டுவது அல்ல. பெருநாள் இரவானாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சலானாலும் சரி, கண் சொருகினால் லாரியை ஓரங்கட்ட வேண்டும். 'எப்போது வருவீர்கள்?' என்று மணிக்கொரு தரம் கேட்பதில்லை என வீட்டாரும் உறுதி கொள்ள வேண்டும்.

மருத்துவமனைக்கு யார் துணை வருவார்? பள்ளிக் கட்டணத் தேதி எது? மதரஸாவில் பிள்ளையின் ஓதலை யார் விசாரிப்பார்? இவற்றுக்கு மனைவியுடன் கலந்து, ஆள் பெயரோடு விடை எழுதி வையுங்கள். சிட்டையும் பத்திரங்களும் எங்கே உள்ளன என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும். கணக்கறிந்த மனைவி கணவரின் மரியாதையைக் குறைப்பதில்லை, காப்பாற்றுகிறார். பிரயாணத் தொழுகையின் சட்டங்களை ஷாபியீ, ஹனபீ மத்ஹபினர் தத்தம் ஆலிமிடம் கேட்டறிந்துகொள்க.

சகோதரர்களே! எழுதிய கடன், மூன்று மாதச் செலவு, ஒப்பந்தம் படித்த தெளிவு, வஸிய்யத், வீட்டாரின் அறிவு ஆகிய ஐந்தும் சேர்ந்தால் பயணம் புறப்படலாம். ஒன்று குறைந்தாலும் ஒரு மாதம் பொறுப்பதே நலம். லாரி காத்திருக்கும், சரக்கும் நாளை வரும். நம் பிரயாணிகளையும் அவர்தம் இல்லங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்தருள்வானாக! ஆமீன்.