தையல் மிஷின்: ஆன்லைனிலா, கடைத்தெருவிலா?

மிஷின் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. ஃபோனில் ஒரு மாடல் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதே மாடலுக்குப் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலோ அறந்தாங்கி கடைத்தெருவிலோ ஆயிரம் ரூபாய் கூடச் சொல்கிறார்கள். எங்கே வாங்குவது?

முதல் மிஷினையும், சம்பாத்தியத்துக்காக ஓடப்போகிற மிஷினையும் ரிப்பேர் பார்த்துக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது, ஜிக்ஜாக் அல்லது எம்பிராய்டரிக்காக இன்னொன்று வேண்டும் என்றால் ஆன்லைனைப் பார்க்கலாம். ஊசி, பாபின், பிரஷர் ஃபுட், கத்தரி எல்லாம் தாராளமாக ஆன்லைனில் வாங்குங்கள்.

காரணம் மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறும் அந்த நொடியில் ஷட்டிலின் கூர்முனை வந்து நூலைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் டைமிங். லாரியில் குலுங்கி வரும்போது ஒரு திருகு லேசாக நகர்ந்தாலே தையல் விட்டு விட்டு விழும். பக்கத்தில் மெக்கானிக் இருந்தால் சீக்கிரம் சரிசெய்துவிடுவார். இல்லையென்றால் அட்டைப்பெட்டியில் திருப்பி அடைத்து, அடுத்த மிஷின் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் குலுங்கித்தான் வரும்.

செய்ய வேண்டியவை

• என்ன தைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபால்ஸ் அடிக்க, கிழிசல் தைக்க, வீட்டு பிளவுஸ் தைக்க, புதிதாகப் பழக என்றால் டெய்லர் மாடல் கருப்பு மிஷின் போதும். பட்டன்ஹோல், ஜிக்ஜாக் வேண்டுமானால் ஆட்டோமேட்டிக். நாள் முழுக்க ஆர்டர் தைப்பவருக்கு அம்ப்ரெல்லா அல்லது பவர் மிஷின். பவர் மிஷின் நிமிஷத்துக்கு 4,000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது. வீட்டு எலக்ட்ரிக் மிஷின்கள் பெரும்பாலும் ஆயிரத்துக்குள்தான். பழகாத கைக்குப் பவர் மிஷினின் வேகம் பயத்தைத்தான் கொடுக்கும்.

• பணம் கட்டுவதற்கு முன்பே கஸ்டமர் கேருக்கு ஃபோன் போடுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லி ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ரிப்பேர் என்றால் மெக்கானிக் வீட்டுக்கு வருவாரா, நான் மிஷினைத் திருச்சிக்குத் தூக்கி வரணுமா?" புதுக்கோட்டை டவுனுக்கு வருகிறவர் மணமேல்குடிக்கோ பொன்னமராவதிக்கோ வருவார் என்று நினைக்க வேண்டாம். கருப்பு மிஷினின் ஹெட் மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல். அதைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது உங்கள் பாடு. பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி வாங்குங்கள்.

• உங்கள் துணியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் தைத்துக் காட்டுவது கஞ்சி போட்ட காட்டன் துண்டில். அதில் எந்த மிஷினும் நன்றாகத்தான் தைக்கும். நீங்கள் லைனிங் பிளவுஸ் துணி, வழுக்குகிற ஜார்ஜெட், நான்காக மடித்த ஜீன்ஸ் மூன்றையும் கொண்டுபோங்கள். மேலே ஒரு கலர் நூல், பாபினில் வேறு கலர் நூல் போடச் சொல்லுங்கள். ஒரு முழம் நீங்களே தைத்து, துணியைத் திருப்பிப் பாருங்கள். மேல் நூலின் கலர் அடியில் வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் லூஸ். டென்ஷன் நட்டைத் திருகியும் அது மாறவில்லையென்றால் வேறு மிஷின் கேளுங்கள். பிறகு கைச்சக்கரத்தை இரண்டு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எங்கேயாவது பிடித்துப் பிடித்து விட்டால் அந்த ஹெட் வேண்டாம்.

• பாபின் கேஸைத் தனியாகச் சோதியுங்கள். நூல் போட்ட பாபினைக் கேஸில் மாட்டி, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக்கூடாது. கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இப்படி நின்றால் கீழ் டென்ஷன் சரி.

• முழு விலையையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் காட்டுவது சில சமயம் ஹெட் விலை மட்டுமே. ஸ்டாண்டு, டேபிள், மோட்டார், பெல்ட், கவர், ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். கடைக்கும் ஆன்லைனுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் கரைந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தையல் மிஷினுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எம்.ஆர்.பி. ஸ்டிக்கரைக் காட்டினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

• பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ஹெட்டில் இருக்கிற நம்பர், பில், வாரன்ட்டி கார்டு மூன்றிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். மோட்டாருக்கு வாரன்ட்டி தனி. எத்தனை மாதம் என்று அதையும் எழுதி வாங்குங்கள்.

• மோட்டார் வைத்தாலும் மிதிக்கிற ஸ்டாண்டை விடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் எத்தனையோ ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பெல்ட்டை மாற்றி மாட்டிக் காலால் மிதிக்க முடிகிற மிஷின்தான் அப்படிப்பட்ட நாட்களில் கைகொடுக்கும். டெல்டாவை ஒட்டிய, கடலோரமும் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை. அடுத்த புயலை மனதில் வைத்து வாங்குங்கள்.

• ஆன்லைனில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பெட்டி பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். முகவரி ஸ்டிக்கரில் ஆரம்பித்து, சீரியல் நம்பர், ஊசித்தட்டு, ஸ்டாண்டின் மூலைகள், கடைசியாக நீங்கள் தைத்துப் பார்ப்பது வரை ஒரே வீடியோவாக இருக்கட்டும். ரீப்ளேஸ்மென்ட் எத்தனை நாளுக்குள் என்பதை ஆர்டர் பக்கத்தில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த நாளுக்குள் தைத்துப் பாருங்கள். நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்று பெட்டியைப் பூஜை ரூமில் வைத்துவிட்டால் கெடு போய்விடும்.

• அரசுத் திட்டத்தில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், ஆதரவற்றவர், மாற்றுத்திறனாளி போன்றவர்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசமாகவே மிஷின் உண்டு. வயது 20 முதல் 40 வரை, தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழும் வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். 35 வயது ஆனவர் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள். 3 லட்சம் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். அதற்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். அரசுப் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர எண்ணமிருந்தால், எந்த மிஷின் வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செய்யக்கூடாதவை

• ஆயிரம், ரெண்டாயிரத்துக்கு வருகிற மினி மிஷினை வாங்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். பேட்டரியிலும் அடாப்டரிலும் ஓடுவது. விளம்பரத்தில் மெல்லிய ஒற்றைத் துணியை மட்டும் தைத்துக் காட்டுவார்கள். லைனிங் வைத்த பிளவுஸின் கைக்குழியில் துணி நாலு மடிப்பாகச் சேரும் இடம் வந்தால் ஊசி வளையும், மோட்டார் சூடாகும், சக்கரத்தின் பல் தேயும். தேய்ந்த பல்லுக்கு இங்கே எந்தக் கடையிலும் பார்ட்ஸ் தேட முடியாது. தையல் பழக நினைக்கிற பிள்ளைகள் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நூல் சிக்கிச் சிக்கி, தனக்குத் தையல் வராது என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். குறை பிள்ளையிடம் இல்லை, மிஷினில். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மெக்கானிக் ஓவர்ஹால் செய்து வைத்திருக்கிற பழைய கருப்பு மிஷினை வாங்கிக் கொடுங்கள்.

• பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உஷா, சிங்கர் பெயரில் ஓரெழுத்து மாற்றி, அதே மாதிரி எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய ஹெட் விற்பார்கள். கடையிலும் இது உண்டு, ஆன்லைனிலும் உண்டு. ஸ்டிக்கரை விட்டுவிட்டு சீரியல் நம்பரைக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

• ஸ்டார் ரேட்டிங்கை நம்பி ஆர்டர் போடாதீர்கள். "சூப்பர் பேக்கிங்" என்று எழுதியவர் இன்னும் ஒரு ஜாக்கெட்கூடத் தைத்திருக்க மாட்டார். ஆறு மாதம் ஓட்டிவிட்டு ஒரு ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள்.

• இன்ஸ்டாகிராமில் "ஸ்டாக் கிளியரன்ஸ்" என்று வருபவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கடை முகவரி, ஜி.எஸ்.டி. நம்பர், லேண்ட்லைன் எதுவும் இல்லாதவரை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்?

• "பிரதமர் இலவச தையல் மிஷின் திட்டம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மைச் சரிபார்ப்புப் பிரிவே அறிவித்திருக்கிறது. ஆதார், ஓ.டி.பி., 'பதிவுக் கட்டணம்' எதையும் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த நிமிஷமே 1930-க்கு ஃபோன் செய்யுங்கள்.

• வெளிநாட்டிலிருந்து வந்த மிஷினை அப்படியே பிளக்கில் சொருகாதீர்கள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ அண்ணன் அனுப்பியது 220-240 வோல்ட். பிளக்கை மாற்றினால் பொதுவாக ஓடும். அமெரிக்கா, ஜப்பான் மிஷின் 100-120 வோல்ட். நம் கரண்டில் மோட்டார் எரிந்துவிடும். மிஷின் மேல் ஒட்டியிருக்கிற தகட்டில் வோல்ட்டைப் படித்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். அங்கே கொடுத்த வாரன்ட்டி இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

• ஊசியை மாற்றி வாங்காதீர்கள். வீட்டு மிஷின் ஊசிக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசிக்குத் தண்டு உருண்டை. பழைய ஊசியை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள்.

• தீபாவளிக்கு முந்தின வாரத்தில் புது மிஷின் வாங்காதீர்கள். மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஃபிட்டிங்குக்கு வர மாட்டார், வந்தாலும் அவசரமாக மாட்டிவிட்டுப் போவார். பள்ளி திறக்கிற ஜூனிலும் இதே கதைதான்.

• சீல் இல்லாத வாரன்ட்டி கார்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். "நாளைக்கு வாங்க, போட்டுத் தர்றேன்" என்றால் அங்கேயே உட்காருங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் தர மறுப்பதே நுகர்வோர் சட்டப்படி தவறு.

• "விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்து வந்துவிடாதீர்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம்.

• "தொழிலுக்கு வாங்கினீங்க, நீங்க நுகர்வோரே இல்லை" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மிஷின் வாங்குகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். முதலில் 1915-க்கு ஃபோன் செய்து புகார் நம்பர் வாங்குங்கள். அதில் தீரவில்லையென்றால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஆன்லைன் கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மிஷினின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில், வாரன்ட்டி கார்டு, பெட்டி பிரித்த வீடியோ, கஸ்டமர் கேர் அனுப்பிய மெசேஜ் நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.