இன்டர்நெட்டில் டேட்டா வழி மாறுவது எப்படி?

கொல்கத்தாவிலிருந்து சிவகாசி அச்சகம் ஒன்றிற்கு இ-மெயிலில் காலண்டர் டிசைன் வருகிறது. அது ஒரே கம்பியில் நேராக வந்து விடுவதில்லை. பல நிறுவனங்களின் நெட்வொர்க்குகளைத் தாண்டி வருகிறது. "இந்த ஐ.பி. முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்" என்று ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்கிற்கு அறிவிக்கும். இந்த முறைக்கு பார்டர் கேட்வே புரோட்டோகால், சுருக்கமாக பி.ஜி.பி. என்று பெயர். அறிவிப்பு உண்மைதானா என்று அது தானாகச் சோதிக்காது. சிக்கலே இதுதான்.

2008 பிப்ரவரி 24 அன்று, யு-ட்யூபைத் தன் நாட்டிற்குள் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட அறிவிப்பு வெளியே கசிந்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யு-ட்யூப் திறக்கவில்லை.

பொய் அறிவிப்பு எப்படி ஜெயித்தது? பின்கோடை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் "626ல் தொடங்கும் தபால் எல்லாம் என்னிடம்" என்கிறார். இன்னொருவர் "சிவகாசியின் 626123 மட்டும் என்னிடம்" என்கிறார். சிவகாசிக் கடிதம் இரண்டாமவரிடம்தான் போகும். ரூட்டரும் குறிப்பான முகவரியைத்தான் தேர்ந்தெடுக்கும். யு-ட்யூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் 256 முகவரிகளை மட்டும் அறிவித்தது. அவ்வளவுதான்!

நம் நாட்டிலும் நடந்தது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடபோன் ஐடியாவின் நெட்வொர்க், தனக்குச் சொந்தமில்லாத 30,000க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தவறாக அறிவித்தது.

இதற்குத் தீர்வாக வந்திருப்பது ஆர்.பி.கே.ஐ. நிலத்துக்குப் பட்டா போல என்று வைத்துக் கொள்ளலாம். தன் முகவரிகளை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம், எவ்வளவு சிறிய துண்டு வரை அறிவிக்கலாம் என்று உரிமையாளர் டிஜிட்டல் கையெழுத்திட்டுப் பதிகிறார். இந்தியாவில் நிக்ஸி அமைப்பின் ஐ.ஆர்.ஐ.என்.என். பிரிவு இந்த வசதியைத் தருகிறது. ஆனால் பட்டாவை யாரும் பார்க்காவிட்டால் என்ன பயன்? மற்ற நெட்வொர்க்குகளின் ரூட்டர்கள் இதைச் சரிபார்த்துப் பொருந்தாத அறிவிப்பைத் தள்ள வேண்டும். அப்படிச் செய்தாலும் அறிவிப்பு புறப்பட்ட இடம் மட்டுமே சரிபார்க்கப்படும். இடையில் உள்ள வழியைப் பொய்யாகச் சொன்னால் இதில் சிக்காது.

உங்கள் இணைப்பு எப்படி? கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 'இஸ் பிஜிபி சேஃப் யெட்' தளத்தைத் திறந்து சோதனை பட்டனைக் கிளிக் செய்யுங்கள். வேண்டுமென்றே தவறாக அறிவிக்கப்பட்ட ஒரு முகவரியை உங்கள் இணைப்பு திறக்கிறதா என்று அது பார்க்கும். திறந்து விட்டால், இணைப்புத் தரும் நிறுவனத்திடம் ஆர்.பி.கே.ஐ. சோதனை எப்போது வரும் என்று கேளுங்கள். கேபிள் டிவிக்காரரிடம் இணைப்பு வாங்கியவர்கள், அவர் யாரிடம் இன்டர்நெட் வாங்குகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பேங்க் தளத்தில் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தால், என்ன அவசரமானாலும் மேலே செல்லாதீர்கள்.