பேட்டரி இறங்கியது யாரால்?

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு)

ஆண்டு மலருக்கு எழுதுகிறாயா என்று கேட்டபோது, கவிதை எல்லாம் எனக்கு வராது என்றேன். தெரிந்ததை எழுது என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு பழைய இண்டிகா காரும், அதில் புதிதாக மாட்டிய ஸ்டீரியோவும், அதனால் என் அப்பா வாங்கிய பேச்சும்தான். அதையே பாடமாக எழுதுகிறேன்.

அப்பா டிரைவர். ஓனருடைய காரை ஒரு மில் ஆபீசுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். இரவில் வண்டி எங்கள் தெருவில்தான் நிற்கும். போன ஆடி மாதம் ஓனர் ஒரு கடையில் ஸ்டீரியோ செட்டும், சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிபையரும் மாட்டி வாங்கினார். அதற்குப் பிறகு ஒரு வினோதம். செவ்வாய் முதல் சனி வரை வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். திங்கட்கிழமை காலை மட்டும் செல்ப் எடுக்காது. டக் டக் என்று சத்தம் மட்டும் வரும்.

மூன்று திங்கள் இப்படி ஆனது. "சனிக்கிழமை வீட்டுக்குப் போற அவசரத்துல லைட்டை அணைக்காம விட்டுடுறே" என்றார் ஓனர். சார்ஜ் போட்ட செலவைச் சம்பளத்தில் பிடித்தார். இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். அப்பா லைட்டை மறக்கிற ஆள் இல்லை. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

முதல் சோதனை: வோல்ட்

லேபில் சாரிடம் கேட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். எங்களுக்கு 14.1 வந்தது. ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் வண்டி நிற்கும்போதுதான் ஏதோ ஒன்று கரண்டைத் தின்கிறது.

இரண்டாவது சோதனை: ஆம்பியர்

சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்ற வேண்டும். கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்க வேண்டும். இந்த நிலையில் மறந்தும் செல்ப் அடிக்கக் கூடாது.

முதல் ஞாயிறு நான் ஒரு தப்பு செய்தேன். சிவப்பு ஒயரை மில்லி ஆம்பியர் துளையில் சொருகிவிட்டேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. "கரண்ட் எதுவும் போகலையேப்பா" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. நானே அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. "நெகடிவ் கழட்டினது கழட்டினபடியே இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை கேபிளை மாட்டியதும் செல்ப் உடனே எடுத்தது! அன்று லேபில் சார் மீட்டரைத் திறந்து உள்ளே கருகிப்போன சின்ன பியூசைக் காட்டினார். வண்டியில் கரண்ட் போகாமல் இல்லை, என் மீட்டர்தான் செத்திருந்தது.

அடுத்த ஞாயிறு சரியான துளையில் சொருகினேன். 0.9 ஆம்பியர்! செட்டின் மெமரிக்கும் கடிகாரத்துக்கும் சேர்த்து 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் போதும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எதை எடுத்தாலும் அளவு குறையவில்லை. குழம்பிப் போனேன். அப்போது அப்பாதான், "இந்தச் சிவப்பு ஒயர் முன்னாடி கிடையாதே" என்று காட்டினார். பேட்டரியிலிருந்து நேராக ஆம்ப்ளிபையருக்குப் போகும் ஒயர் அது. அதற்கென்று தனி பியூஸ். அதை எடுத்ததும் மீட்டர் 0.02க்கு இறங்கியது.

காரணம் என்ன?

ஆம்ப்ளிபையருக்கு மூன்று மின் இணைப்புகள் உண்டு. பேட்டரியிலிருந்து பாசிடிவ், பாடியில் எர்த், மூன்றாவது ரிமோட். செட்டை ஆன் செய்தால் அதன் நீல ஒயரில் 12 வோல்ட் வந்து ரிமோட் முனை வழியாக ஆம்ப்ளிபையரை எழுப்பும். ஆப் செய்தால் அதுவும் தூங்கும். இங்கே நீல ஒயரை இழுக்காமல், பாசிடிவுக்கும் ரிமோட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு முடித்திருந்தார்கள். அதனால் செட்டை அணைத்தாலும் ஆம்ப்ளிபையர் விழித்தே இருந்தது.

சனி இரவு 8 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை 34 மணி நேரம். 0.9 × 34 = 30.6 ஆம்பியர் அவர். பேட்டரி மேல் எழுதியிருந்தது 60. பாதிக்கு மேல் காலி. டீசல் என்ஜினைச் சுற்ற மீதி போதவில்லை. மற்ற நாட்களில் 10 மணி நேரம்தான் நிற்கும். 9 தான் இறங்கும். பகல் ஓட்டத்தில் ஏறிவிடும். திங்கட்கிழமை ரகசியம் இவ்வளவுதான்.

அப்பா ஓனரை அழைத்து வந்தார். பியூசைப் போட்டால் 0.9, எடுத்தால் 0.02. அவரே இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்தார். பிடித்த பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் "வேற ஆள்" பேச்சு அதோடு நின்றது. துண்டு ஒயரை எடுத்துவிட்டு, மேட்டுக்கு அடியில் நீல ஒயரை நான் இழுத்துக் கொடுத்தேன்.

நினைவில் கொள்ள:

1. பெரும்பாலான செட்களில் மஞ்சள் நிரந்தர சப்ளை, சிவப்பு சாவி போட்டால் வரும் சப்ளை, கறுப்பு எர்த். ஆனாலும் நிறத்தை நம்பாமல் மீட்டரில் பாருங்கள்.

2. வண்டியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டேஷன்கள் மறந்துபோனால், மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கலாம்.

3. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' சத்தம் ஏறினால், முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயிண்டைச் சுரண்டி, இரும்பில் இறுக்க வேண்டும்.

4. பியூஸ் போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும்.

5. கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில்.

நோயைத் தீர்க்கும் முன் அதன் காரணத்தைத் தேடச் சொன்னார் வள்ளுவர். வைத்தியருக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். ஒருவர் மேல் பழி போடும் முன் அளந்து பார்ப்போம்.

அப்பா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஓனர் போன பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மீட்டர் என்ன விலைடா?" இப்போது எங்கள் வீட்டில் சொந்தமாக ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது.