கான்டெஸாவுக்கு எஞ்சின் பிளாக் தேடுகிறீர்களா?

பழைய கான்டெஸா காருக்குச் சக்தியைக் கூட்டி, நஞ்சன்கூட்டிலிருந்து குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக ஊட்டிவரை ஓட்டிப்போக ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் டர்போ விலையைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது பிளாக்கை. மற்றதை எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிளாக் சரியில்லை என்றால் அதற்குள் போட்ட பிஸ்டன், கிராங்க், பட்டறைக் கூலி அத்தனையும் வீண்.

1. எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். 1984-ல் வந்த கான்டெஸாவில் 1489 சி.சி. எஞ்சின் இருந்தது, பிறகு இசுசு 1817 சி.சி. எஞ்சின் வந்தது. அதன் சக்தி சுமார் 85 குதிரைத்திறன். 150 வரை போதும் என்றால், நல்ல நிலையில் உள்ள இசுசு வார்ப்பிரும்பு பிளாக்கையே தேடுங்கள் என்பேன். 300-ஐத் தாண்ட வேண்டும் என்பவர்கள் அதைப் பிழிந்து உடைக்க வேண்டாம். டொயோட்டாவின் 2ஜே.இசட். போன்ற, பெரிய சக்திக்கென்றே தடிமனாக வார்த்த ஆறு சிலிண்டர் பிளாக்கைப் பார்ப்பது மேல்.

2. ஆயில் சம்பைக் கழற்றி, கிராங்கை எத்தனை மெயின் பேரிங் தாங்குகிறது என்று எண்ணுங்கள். பழைய அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினிலும் பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினிலும் மூன்றுதான். இரண்டு பேரிங்குக்கு நடுவே இரண்டு பிஸ்டன் இடிக்கும். வேகம் ஏற ஏற கிராங்க் வளைந்து கொடுக்கும். நான்கு சிலிண்டருக்கு ஐந்து, வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டருக்கு ஏழு என்று இருந்தால்தான் கூடுதல் சக்தியைப் பற்றிப் பேசலாம்.

3. வார்ப்பிரும்பா, அலுமினியமா? எடை குறைவு என்று அலுமினியத்துக்கு மயங்குகிறவர்கள் அதிகம். மாருதி ஜிப்ஸி, எஸ்டீமில் வந்த 1298 சி.சி. பிளாக் அலுமினியம்தான், அந்தச் சின்னக் கார்களுக்கு அது அருமையாகப் பொருந்தியது. ஆனால் சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். ஒருமுறை அதிகமாகச் சூடேறினாலே மேல்தளம் கோணிக்கொள்ளும். டர்போ போட்டுத் தினமும் தெருவில் ஓட்டப்போகிற கனமான காருக்கு நான் வார்ப்பிரும்பையே சொல்வேன். அலுமினியம்தான் என்றால், சிலிண்டரின் மேல் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் வழி திறந்திருக்கிறதா, உலோகத்தால் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருப்பதே வலுவானது.

4. போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, பெரிதாக்கினால் சக்தி கூடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இசுசு எஞ்சினின் போர் 84 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. போரை ஒரு முழு மில்லிமீட்டர் கூட்டினாலும் கிடைப்பது சுமார் 43 சி.சி.; அதாவது நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. இழப்பதோ சுற்றிலும் அரை மி.மீ. சுவர். சாதாரண எஞ்சினில் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அழுத்தம் வந்தால் ஒரு பிஸ்டன்மேல் விழுவது மூன்று டன்னுக்கும் மேல். டர்போவில் 100 கிலோவைத் தொட்டால் ஐந்தரை டன். அதே அழுத்தத்தைப் பக்கவாட்டில் தாங்கப்போவது அந்தச் சுவர்தான். அதனால் தேய்மானம் போகத் தேவையான அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூடக் கடைய விடாதீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை போரிங் ஆன பிளாக் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். சுவரின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கலாம். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில் 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், பெரிய சக்திக்கு அதை நான் எடுக்க மாட்டேன்.

5. சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற இடங்களில் பழைய எஞ்சின் பார்க்கப் போகும்போது நேரான இரும்புப் பட்டை, ஃபீலர் கேஜ், டார்ச், கொஞ்சம் மண்ணெண்ணெய், சுண்ணாம்புக்கட்டித் தூள் கொண்டுபோங்கள். பட்டையை மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து இடைவெளி பாருங்கள், ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. தகடு எங்கேயாவது தாராளமாக நுழைந்தால் தளத்தைச் சீவ வேண்டியிருக்கும்.

6. விரிசல் பார்க்க எளிய வழி: சந்தேகமான இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவுங்கள். சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் கசிந்து ஈரக்கோடாகத் தெரியும். இரும்பு, அலுமினியம் இரண்டுக்கும் இது உதவும். பட்டறையில் காந்த முறையில் சோதிப்பது இரும்புக்கு மட்டுமே.

7. மெயின் பேரிங் கேப்கள் அதே பிளாக்குக்கு உரியவைதானா? கேப்களைப் பூட்டிய பிறகுதான் ஆலையில் அந்தத் துளைகளைக் கடைகிறார்கள். வேறு எஞ்சினின் கேப் போட்டிருந்தால் மறுபடி லைன் போரிங் செய்தே ஆக வேண்டும்.

8. தண்ணீர் போகும் வழியைக் கம்பியால் குத்திப் பாருங்கள். வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய எஞ்சினில் உப்புப் படிந்திருக்கும். துருவும் சேறும் அடியில் உறைந்து நிற்கும். பந்தயத்துக்காகச் சிலர் அந்த வழியில் பாதிக்குச் சிமென்ட் போன்ற கலவையை நிரப்பிச் சுவரைப் பலப்படுத்துவார்கள். கூடலூர் தாண்டி நடுவட்டம் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போக வேண்டிய காருக்கு அது வேண்டவே வேண்டாம். முழுத் தண்ணீரும் அதற்குத் தேவை. பிறகு ஊற்றுவதும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்த கூலன்ட்டாகவே இருக்கட்டும்.

9. அளவெடுக்கத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். நம் மைசூரு வட்டாரத்தில் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. கடகொளா பக்கம் டி.வி.எஸ். ஆலை இருக்கிறது. மைசூருவில் 1996-ல் மூடிய ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளைக் கடைந்து பழகிய பட்டறைக் கைகள் இருக்கின்றன. போர் கேஜை மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் வைத்துப் பார்த்து, அத்தனை எண்ணையும் எழுதித் தருகிறவரே நல்ல பட்டறைக்காரர். விரலால் தடவிப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

10. எஞ்சின் எண் ராவியிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்றுமுன் மைசூரு ஆர்.டி.ஓ.வில் பேசி, அனுமதி கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு பணத்தை இறக்குங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கான்டெஸா 2002-லேயே நின்றுபோன கார். எல்லாமே 15 வருடம் கடந்தவை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது எஞ்சின் மாற்றத்தை மறைக்கவே முடியாது.

11. போரிங், ஹோனிங் முடிந்து பிளாக் வீட்டுக்கு வந்ததும் கழுவும் வேலை உங்களுடையது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போதாது. ஹோனிங் கல்லின் பொடி சுவரின் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆயில் போகும் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றிவிட்டு, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுச் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவுங்கள். கழுவிய வார்ப்பிரும்பு சில நிமிடத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். உடனே காற்றடித்து உலர்த்தி, எஞ்சின் ஆயில் தடவி, பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். வெறும் தரையில் வைக்காமல் மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள்.