ட்ரவுட் பிடிக்க எப்போது போகலாம்?

காவிரியில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்துப் பழகியவன் நான். இமயமலை ஆற்றில் செயற்கை ஈ வீசி ட்ரவுட் பிடிக்க ஆசை. எங்கே, எப்போது போகலாம்?
- விவசாயி, திருவையாறு

தாராளமாகப் போகலாம். இமாச்சலத்தின் தீர்த்தன் ஆறு உங்களுக்குச் சரியாக இருக்கும். சம்பா, தாளடி அறுவடையெல்லாம் முடித்துவிட்டு ஏப்ரலில் கிளம்புங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. ஜூலை, ஆகஸ்டில் மழையால் ஆறு கலங்கிவிடும். டெல்லியில் மணாலி பஸ் ஏறி, ஔட்டில் இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி சேரலாம். மீன்வளத் துறை உரிமம் கட்டாயம்.

வீச்சுதான் உங்களுக்குப் புதிது. இறகும் நூலும் சுற்றிய ஈக்கு எடையே இருக்காது. கனத்த தூண்டில் நூலை வீசித்தான் அதைத் தண்ணீரில் இறக்க வேண்டும். முள்முனையை வெட்டிவிட்டு, அறுத்த வயலில் இப்போதே பழகுங்கள். அது பனி உருகி வரும் தண்ணீர், முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்!